ஆகஸ்ட் மாதத்துக் கடல்

இந்தத் தீவின் பெயர் சித்ரா.
பஹ்ரைனுக்கு வந்த புதிதில்
நம் ஊர்ப் பெண் ஒருத்தியின் பெயரை
யாரோ தீவுக்கு வைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.
முப்பத்தோரு வருடம் இங்கே
கடலிலிருந்து உப்பைப் பிரித்தேன்.
தூத்துக்குடி உப்பளத்துப் பிள்ளை நான்.
அப்பா தண்ணீரை விரட்டி உப்பை வைத்துக்கொண்டார்,
நான் உப்பை விரட்டித் தண்ணீரை.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
உப்பை எடுத்தவளை?

இப்போது என் அடையாள அட்டையில்
தொழில் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு.
மகனின் பொறுப்பில் இருக்கிறேன்.
"நாள் முழுக்க என்ன அத்தை செய்வீங்க?"
மருமகள் கேட்டபோது
கெட்டிலின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
ஒரு சொட்டு வினிகர். நுரைத்தது.
நுரைக்கிற படிவு நல்ல படிவு.
நுரைக்காததுதான் எமன் என்றேன்.
அவள் டீக்கு வேறு பாத்திரம் தேடினாள்.

பகலில் ஒரு நோட்டு எழுதுகிறேன்.
சரியாகச் செய்ததெல்லாம் கம்பெனிக் கோப்பில் இருக்கிறது,
தப்பாகச் செய்தது என்னிடம் மட்டும்தான்.
நாற்பத்தெட்டாம் பக்கத்தில்
தொண்ணூற்றேழில் நான் போட்ட அட்டவணை வந்தது:
கடலின் சூடு ஒரு வரிசை,
படிவுத் தடுப்பு மருந்தின் அளவு மறு வரிசை.
பேனா நின்றுவிட்டது.

ஜனவரியில் ஒரு வாளி கடல் அள்ளி
பன்னிரண்டு மாதத்துக்கும் அதுதான் கடல் என்று
கணக்கு எழுதியிருக்கிறேன்.
ஆழமில்லாத விரிகுடா. கோடையில் கஞ்சி மாதிரி இறுகும்.
உப்பளத்தில் பிறந்தவளுக்கு இது தெரியாதா?

இரவு இரண்டு மணி. பேரனின் கால்குலேட்டர்.
ஆகஸ்டில் பத்து சதவீதம் குறைவு.
கட்டுப்பாட்டு அறைச் சுவரில்
லேமினேட் செய்து மாட்டிய தாள் அது.
இத்தனை கோடையும் குழாய்களின் உள்சுவரில்
என் கையெழுத்து படிந்துகொண்டிருந்திருக்கும்.

மறுநாள் டாக்ஸி பிடித்துப் போனேன்.
"பெயர்?"
செலஸ்டினா பர்னாந்து.
"கம்பெனி?"
காவலர் பேனாவோடு காத்திருந்தார்.
நானும் காத்திருந்தேன்.

மீர்சா வெளியே வந்தார், கையில் பாதி சமோசா.
திருத்திய தாளைக் கொடுத்தேன்.
படித்தார். சிரிக்கவில்லை.
போனில் ஒரு படத்தைத் தேடிக் காட்டினார்.
என் அட்டவணை, பிளாஸ்டிக் மஞ்சளாகி.
ஆகஸ்டுக்கு நேரே கறுப்பு மார்க்கரில்
+12.
செப்டம்பரில் +8.

யார் எழுதியது?
"தெரியாது மேடம். நான் சேரும்போதே இருந்தது."
அவர் சேர்ந்தது இரண்டாயிரத்து நாலில்.
அப்படியானால் அதன்பின் பல வருடம்
இரண்டு கதவு தள்ளி என் அறையில் நான் இருந்திருக்கிறேன்.
தப்பைக் கண்டவர் சுவரிடம் சொன்னார்.
என்னிடம் சொல்லவில்லை.
கேட்கிற முகம் இல்லையோ அப்போது எனக்கு.

குழாய்கள் பிழைத்தன. சந்தோஷம்தான்.
தொண்டையில் சமோசா சிக்கியது மாதிரி ஒரு சந்தோஷம்,
தின்றது அவர் என்றாலும்.

பிறகுதான் உறைத்தது:
என் கணக்கில் பத்து.
அவர் ஏன் பன்னிரண்டு போட்டார்?
அந்த இரண்டு எங்கிருந்து வந்தது?
"மீர்சா, காற்று தென்கிழக்கில் திரும்பினால்
நாம் வெளியே விடும் உப்புநீர்
சுற்றிக்கொண்டு மறுபடி நம் வாய்க்கே வருகிறதோ?"
அவர் கண்ணைச் சுருக்கினார்.
வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில்
கரையை வரைந்தார், நான் அம்புக்குறி போட்டேன்.
அதை அழித்து அவர் வேறு அம்பு போட்டார்.
காவலர் தன் நாற்காலியை நிழலுக்கு நகர்த்திவைத்தார்,
என் பெயரை இன்னும் எழுதவில்லை.

இரவு போனில் முப்பத்தொரு படங்கள்,
பழைய காற்றுப் பதிவேடு, மங்கலாக.
மீர்சா கீழே எழுதியிருந்தார்:
உங்கள் அம்பு தப்பாக இருக்கலாம்.
இருக்கலாம்.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.
பத்தொன்பதாம் தேதி. காலை ஆறு மணி.
தென்கிழக்கு, லேசாக.